பிள்ளைகளைப் பார்க்கப் போராடிய தாய் - கரோலின் நோர்ட்டன்

லண்டன் மாநகரில் ஒரு வீடு. 1836 ஆம் ஆண்டு. கீழ்த்தட்டில் இளம் தாய் ஒருவர் விம்மி விம்மி அழுதபடி அமர்ந்திருக்கிறார். அவருடைய தலைக்கு மேலே, மாடியில், சின்னஞ்சிறு கால்கள் ஓடி விளையாடும் சத்தம் கேட்கிறது. அந்தக் கால்கள் அவர் பெற்ற பிள்ளைகளின் கால்கள். இடையில் இருப்பது ஒரு தளம் மட்டுமே. ஆனால் மேலே ஏறிப் போக அவருக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமலே, காலடிச் சத்தத்தை மட்டும் காதில் ஏந்திக்கொண்டு அவர் அந்த வீட்டை விட்டு வெளியேறினார்.

அந்தத் தாய் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. பைத்தியம் பிடித்தவரும் அல்ல. அக்காலத்து இங்கிலாந்தில் பெயர்பெற்ற கவிஞர் அவர். ஆயினும் பெற்ற பிள்ளையைப் பார்க்கும் உரிமைகூட ஒரு தாய்க்கு அந்நாட்டுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேனாவைக் கையில் எடுத்த அவர்தான் கரோலின் நோர்ட்டன்.

கரோலின் 1808 மார்ச் 22 ஆம் திகதி லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ரிச்சர்ட் பிறின்ஸ்லி ஷெரிடன், ஆங்கில நாடக உலகில் அழியாப் புகழ் பெற்றவர். பாராளுமன்றத்திலும் சிறந்த பேச்சாளராக விளங்கியவர். ஆனால் புகழ் இருந்த அளவுக்கு அந்தக் குடும்பத்தில் செல்வம் இருக்கவில்லை. தந்தை தோமஸ் ஷெரிடன் நோயாளியாக இருந்தார். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அரச உத்தியோகம் ஒன்றை ஏற்றுச் சென்ற அவர் 1817 இல் அங்கேயே காலமானார். அப்போது கரோலினுக்கு ஒன்பது வயது. பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய்க்கு ஹம்டன் கோர்ட் அரண்மனையில் சில அறைகள் இலவசமாக வழங்கப்பட்டன. அரண்மனையில் வாழ்ந்தாலும் கையில் காசு இல்லாத வாழ்க்கை அது.

கரோலினும் அவருடைய இரு சகோதரிகளும் அழகிலும் அறிவிலும் பேர்பெற்றவர்களாக வளர்ந்தார்கள். ஆனால் அக்காலத்தில் உயர்குடிப் பெண்களின் திருமணத்தில் அறிவை விடச் சீதனமே முதலில் விசாரிக்கப்பட்டது. கரோலினுக்குச் சீதனம் இல்லை. சரே மாவட்டத்தில் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஜோர்ஜ் நோர்ட்டன் என்பவர் அவரைக் கண்டு பெண் கேட்டிருந்தார். கிரான்ட்லி பிரபுவின் சகோதரர், சட்டம் படித்தவர், பாராளுமன்ற உறுப்பினர். வேறு நல்ல இடம் எதுவும் அமையாத நிலையில், 1827 ஜூலை 30 ஆம் திகதி, தமது பத்தொன்பதாவது வயதில், அதிகம் பழகியிராத அந்த மனிதருக்கு அவர் மனைவியானார்.

பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அண்மையில் ஒரு சிறிய வீட்டில் இருவரும் குடியேறினர். குணத்தில் இருவரும் இரு துருவங்கள். கரோலின் சுறுசுறுப்பும் நகைச்சுவையும் நிறைந்தவர். மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுபவர். ஜோர்ஜ் மந்தமானவர், கோபம் வந்தால் கையை ஓங்குபவர். திருமணமாகிச் சில மாதங்களிலேயே அடி விழத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் கரோலின் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பலமுறை பிறந்தகம் போனார். பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்ததே பிற்காலத்தில் அவருக்கு எதிராக நின்றது. கணவனின் கொடுமையை மன்னித்துத் திரும்பிய மனைவி, பின்னர் அதே கொடுமையைக் காரணம் காட்டிப் பிரிவு கேட்க முடியாது என்பது அக்காலச் சட்டத்தின் நிலைப்பாடு.

1829 இல் மூத்த மகன் பிளெட்சர் பிறந்தான். 1831 இல் பிறின்ஸ்லி, 1833 இல் வில்லியம். மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலேயே கரோலினின் முதல் கவிதை நூலும் வெளிவந்தது. அந்தப் பிரசவச் செலவை ஈடு செய்ததே அந்த நூலில் கிடைத்த வருமானம்தான். பின்னர் சஞ்சிகைகளுக்கு ஆசிரியராக இருந்தும், கவிதையும் கதையும் எழுதியும் அவர் குடும்பத்தைத் தாங்கினார். 1830 ஆம் ஆண்டுத் தேர்தலில் கணவர் ஆசனத்தை இழந்ததும், தமக்குப் பழக்கமான உள்நாட்டு அமைச்சர் மெல்பேர்ன் பிரபுவிடம் பேசி, ஆண்டுக்கு 1,000 பவுண் சம்பளத்தில் நீதவான் பதவி ஒன்றையும் பெற்றுக் கொடுத்தார். மனைவியின் சிபாரிசால் நீதவானாகிய அதே மனிதர்தான் பின்னாளில் அந்த மனைவிக்கு நீதியின் வாசலை அடைத்தார்.

1836 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதில் கணவன் மனைவிக்கிடையே தகராறு மூண்டது. கரோலின் தமது சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஜோர்ஜ் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தித் தமது உறவுப் பெண்மணி ஒருவரின் பொறுப்பில் விட்டார். தாய் தேடி அலைந்தார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன காலடிச் சத்தம் அந்த நாட்களில் கேட்டதுதான். பிளெட்சருக்கு அப்போது ஆறு வயது, பிறின்ஸ்லிக்கு நான்கு, வில்லியமுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

பிள்ளைகளைப் பறித்ததோடு ஜோர்ஜ் நிற்கவில்லை. தமது மனைவிக்கும் மெல்பேர்ன் பிரபுவுக்கும் தகாத தொடர்பு இருப்பதாகக் குற்றஞ்சாட்டி, 10,000 பவுண் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். மெல்பேர்ன் அப்போது நாட்டின் பிரதமர். 1836 ஜூன் 22 ஆம் திகதி வழக்கு விசாரணைக்கு வந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அன்று நீதிமன்றத்தில் அமர்ந்து பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்தவர்களில் இளம் நிருபர் சார்ல்ஸ் டிக்கன்ஸும் ஒருவர். அவருடைய பிக்விக் நாவலில் வரும் நகைச்சுவையான வழக்குக் காட்சிக்கு இந்த விசாரணையும் தூண்டுதலாக இருந்ததாக விமர்சகர்கள் சொல்வதுண்டு.

ஆனால் கரோலினுக்கு அதில் நகைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. வழக்கு இரு ஆண்களுக்கு இடையிலானது. யாருடைய மானம் அங்கே அலசப்பட்டதோ, அந்தப் பெண் வழக்கில் ஒரு தரப்பும் அல்ல, சாட்சியும் அல்ல. தமக்காகப் பேச ஒரு சட்டத்தரணியை வைக்கவும் அவருக்கு வழியில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாட்களின் சாட்சியங்கள் நாள் முழுவதும் கேட்கப்பட்டன. ஜூரிமார் தமது ஆசனங்களை விட்டு எழும்பாமலே மெல்பேர்னுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கினர். குற்றச்சாட்டு பொய்த்தது. பிரதமரின் பதவி நிலைத்தது. கரோலினுக்கு மட்டும் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏன் என்று கேட்கத் தோன்றும். குற்றமற்றவர் என்று நிரூபணமானால் பிள்ளைகள் திரும்பி வர வேண்டாமா? இங்கேதான் அக்கால ஆங்கிலச் சட்டத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அச்சட்டப்படி திருமணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற தகுதியே இல்லை. அவளுடைய உடைமை கணவனுடையது. அவள் உழைக்கும் பணம் கணவனுடையது. அவள் எழுதும் நூலின் வருமானமும் கணவனுடையது. பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். தந்தை நல்லவரா கெட்டவரா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. 1804 இல் ஒரு தந்தை, பால் குடித்துக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து பறித்துக்கொண்டு போனபோதுகூட நீதிமன்றம் தலையிட மறுத்தது. கரோலின் பிள்ளைகளை இழந்த அதே 1836 இல், வேறொரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தந்தையிடம், மூன்று சிறு பெண்பிள்ளைகளையும் ஒப்படைக்குமாறு குற்றமற்ற தாய்க்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. விவாகரத்துப் பெறுவதற்குப் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்த காலம் அது. எனவே கரோலின் பிரிந்து வாழ்ந்தாரே தவிர, சட்டப்படி ஜோர்ஜின் மனைவியாகவே இருக்க வேண்டியிருந்தது.

சிறு பிள்ளையைப் பராமரிக்கும் முதல் உரிமை தாய்க்கே உண்டு என்றும், மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்றும் மார்க்கச் சட்டத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் ஏட்டில் உரிமை இருப்பது வேறு, வீட்டில் அது கிடைப்பது வேறு என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜோர்ஜ் அடுத்து வைத்த அடிதான் மிகக் கொடியது. பிள்ளைகளை அவர் ஸ்கொட்லாந்துக்கு அனுப்பிவிட்டார். லண்டனிலிருந்து நானூறு மைலுக்கும் அப்பால், பேர்த்ஷயர் மலைப்பகுதியில், ரானொக் என்ற இடத்தில் தமது சகோதரி சீமாட்டி மென்சீஸின் பொறுப்பில் விட்டார். லண்டனையும் ஸ்கொட்லாந்தையும் இணைக்கும் புகையிரதப் பாதை அப்போது இருக்கவில்லை. ஆனால் தூரத்தை விடப் பெரிய தடை வேறொன்று. 1707 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் இருந்தாலும், இரண்டுக்கும் சட்டம் வேறு, நீதிமன்றங்கள் வேறு. லண்டன் நீதிபதியின் கட்டளை எல்லை தாண்டிச் செல்லாது. நீதவானாகிய ஜோர்ஜுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

கரோலின் கடிதங்கள் எழுதினார். தாயிடமிருந்து வந்த கடிதத்தை வாங்கி வாசித்ததற்காக மூத்த மகனுக்கு அத்தை கசையடி கொடுத்தார் என்றும், இனிமேல் தாயின் கடிதத்தைத் தொடக்கூடாது என்பது நினைவில் நிற்பதற்காகவே அந்த அடி என்றும் அவர் பின்னர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். தாயின் எழுத்தைப் படிப்பது குற்றம் என்று ஒரு சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது. இதற்கிடையில் ஜோர்ஜ் ஒரு நாள் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பார்; மறுநாள் மறுத்துவிடுவார். செலவுக்குத் தரும் தொகையைக் குறைத்துக்கொள்ள இணங்கினால் பார்க்கலாம் என்று பேரம் பேசுவார். பிள்ளைகள் அவருக்குப் பேரம் பேசும் பொருளாகிவிட்டார்கள்.

அழுதுகொண்டே இருப்பதால் பயனில்லை என்று கரோலின் உணர்ந்தார். நீதிமன்றத்தில் பேச முடியாது; வழக்குத் தொடர முடியாது; வாக்குரிமையும் இல்லை. எழுத மட்டும் முடியும். 1837 ஆம் ஆண்டு முதல், தாயின் இயற்கையான உரிமையைப் பற்றியும் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின் அநீதியைப் பற்றியும் அவர் சிறுநூல்களை எழுதி அச்சிட்டு, பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் செல்வாக்குள்ளவர்களிடமும் சேர்ப்பித்தார். தமது சொந்தக் கண்ணீரை மட்டும் அவர் அதில் கொட்டவில்லை. ஒவ்வொரு வழக்காக எடுத்து, தீர்ப்பு என்ன, காரணம் என்ன என்று ஒரு சட்டத்தரணியைப் போல அடுக்கிக் காட்டினார். பெண் எழுதியது என்றால் வாசிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்பதற்காக, சட்டத்துறைத் தலைவருக்கு எழுதிய முக்கியமான நூலொன்றைப் பியர்ஸ் ஸ்டீவன்சன் என்ற ஆண் பெயரில் 1839 இல் வெளியிட்டார்.

பாராளுமன்றத்தில் அவருடைய குரலாக நின்றவர் தோமஸ் நூன் டால்ஃபோர்ட். ரெடிங் தொகுதியின் உறுப்பினரான இவர் சட்டத்தரணியும் எழுத்தாளருமாவார். 1837 இல் அவர் கொண்டுவந்த பிரேரணை முழுமை பெறவில்லை. 1838 இல் மீண்டும் கொண்டுவந்தார். பொதுமக்கள் சபையில் நிறைவேறிய அது, நள்ளிரவு கடந்த வேளையில் மிகச் சிலரே அமர்ந்திருந்த பிரபுக்கள் சபையில் சில வாக்குகளால் தோற்றது. தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமை கொடுத்தால், மனைவிமார் துணிந்து வீட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்பதே எதிர்த்தவர்களின் பெரிய பயமாக இருந்தது.

இக்காலத்தில் ஒரு சஞ்சிகை கரோலின் எழுதாத ஒன்றையும் எழுதியதாகச் சொல்லி, அவரை மிகக் கேவலமாகத் தாக்கியது. அவதூறு வழக்குத் தொடர நினைத்தால் அதற்கும் முடியாது. திருமணமான பெண் தனியாக வழக்குத் தொடர முடியாதல்லவா! கணவர்தான் தொடர வேண்டும். எந்தக் கணவர்? பிள்ளைகளை ஒளித்து வைத்திருக்கும் அதே கணவர்.

1839 இல் மூன்றாவது முறையாகப் பிரேரணை வந்தது. முதுபெரும் சட்ட அறிஞர் லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு அதைப் பிரபுக்கள் சபையில் ஆதரித்து வாதாடினார். இம்முறை அது வென்றது. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சென்று பார்க்கவும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் உரிமை முதன்முறையாகத் தாய்க்குக் கிடைத்தது. ஒழுக்கக் குற்றம் நிரூபிக்கப்பட்ட தாய்மாருக்கு அந்த உரிமை இல்லை. முடிவு நீதிபதியின் கையில்தான். இன்று பார்த்தால் இது மிகச் சிறிய உரிமை. ஆனால் பிள்ளை தந்தைக்கு மட்டுமே உரியது என்று நூற்றாண்டுகளாக நின்ற சுவரில் விழுந்த முதல் வெடிப்பு அதுதான்.

இந்தச் செய்தியை வாசித்தபோது, கரோலின் உடனே ஓடிச் சென்று தமது பிள்ளைகளை அழைத்து வந்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் ஸ்கொட்லாந்தில் செல்லுபடியாகாது. பிள்ளைகளோ ஸ்கொட்லாந்தில். முகமறியாத எத்தனையோ தாய்மாருக்குக் கதவைத் திறந்துவிட்ட பெண்மணிக்கு, அதே கதவு மூடியே இருந்தது.

பிள்ளைகளோடு அவர் மீண்டும் சேர்வதற்கு வழிவிட்டது சட்டம் அல்ல, ஒரு மரணம். 1842 செப்டெம்பரில், யோர்க்ஷயரில் தந்தையின் பண்ணை வீட்டில் இருந்த கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். பெரிய காயம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். காயத்தில் விஷம் ஏறியது. பிள்ளையின் நிலை மோசமான பிறகே தாய்க்குச் செய்தி அனுப்பப்பட்டது. கரோலின் புகையிரதத்தில் பறந்தடித்துக்கொண்டு போய் இறங்கினார். நிலையத்தில் முன்பின் அறியாத ஒரு சீமாட்டி அவருக்காகக் காத்திருந்தார். பிள்ளைக்குச் சுகமா என்று தாய் கேட்டதற்கு அந்தச் சீமாட்டி சொன்ன பதில், பிள்ளை இறந்துவிட்டான் என்பதுதான். இரண்டரை வயதில் பறிகொடுத்த மகனை மையித்தாகவே தாய் மீண்டும் பெற்றார்.

அந்த மரணத்தின் பின்னரே ஜோர்ஜின் மனம் சற்று இளகியது. மீதமிருந்த இரு மகன்மாரும் தாயிடம் வந்து தங்குவதற்கு இணங்கினார். ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. குழந்தைகளாகப் போனவர்கள் பள்ளிக்கூடப் பையன்களாக வந்தார்கள். இடையில் போன காலத்தை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கரோலினின் போராட்டம் அத்தோடு முடிந்துவிடவில்லை. 1848 இல் ஜோர்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 500 பவுண் கொடுப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார். பின்னர், கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்பதால் அவர்களுக்கிடையே செய்யப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று கைவிரித்தார். 1853 இல் கடன்காரர்கள் வழக்குத் தொடுத்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் நின்றனர். சட்டம் மீண்டும் கணவரையே காத்தது. தோற்றுத் திரும்பிய கரோலின் மீண்டும் பேனாவை எடுத்தார். 1854 இல் ஆங்கிலப் பெண்களைப் பற்றிய சட்டங்களை ஆராய்ந்து ஒரு நூலும், 1855 இல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு திறந்த கடிதமும் எழுதி வெளியிட்டார். 1857 ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், கைவிடப்பட்ட மனைவி தனது உழைப்பைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது போன்ற ஏற்பாடுகள் இடம்பெற்றதில் அவருடைய எழுத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆணும் பெண்ணும் எல்லாவற்றிலும் சமம் என்று கரோலின் வாதிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் உயர்ந்தவன் என்பதைத் தாம் ஏற்றுக்கொள்வதாகவே அவர் எழுதினார். அதனால் பின்வந்த பெண்ணுரிமைவாதிகள் சிலர் அவரைத் தங்களில் ஒருவராகக் கருதவில்லை. அவர் கேட்டது பாதுகாப்பு. அநீதி இழைக்கப்பட்டால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு. ஒரு தாயின் தேவையிலிருந்து பிறந்த கோரிக்கை அது. அதனால்தான் எதிர்த்தவர்களாலும் அதை நெடுநாள் மறுக்க முடியவில்லை.

அவருடைய பிற்கால வாழ்விலும் துயரங்கள் தொடர்ந்தன. இராஜதந்திர சேவையில் இருந்த மூத்த மகன் பிளெட்சர் 1859 இல் பாரிஸ் நகரில் காசநோயால் இறந்தார். பிறின்ஸ்லி இத்தாலியப் பெண்ணொருவரை மணந்தார். அவருடைய இரு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பைக் கரோலினே ஏற்றுக்கொண்டார். தமது பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காத அவருக்கு, பேரப்பிள்ளைகளின் குழந்தைப் பருவம் கிடைத்தது. 1875 இல் ஜோர்ஜ் நோர்ட்டன் காலமானார். திருமணமாகி ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் கரோலின் அந்தப் பந்தத்திலிருந்து விடுபட்டார். 1877 மார்ச் முதலாம் திகதி, நீண்டகால நண்பரான அறிஞர் சேர் வில்லியம் ஸ்டேர்லிங் மக்ஸ்வெலைத் திருமணம் செய்துகொண்டார். அந்த மகிழ்ச்சி மூன்றரை மாதங்களே நீடித்தது. 1877 ஜூன் 15 ஆம் திகதி அவர் உலகை விட்டுப் பிரிந்தார்.

அவர் திறந்த கதவு பின்னர் மேலும் அகலமாயிற்று. 1873 இல் வயதெல்லை ஏழிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. 1925 இல், தாயா தந்தையா என்பதற்கு முன்பாகப் பிள்ளையின் நலனே முதலாவது என்று ஆங்கிலச் சட்டம் எழுதிக்கொண்டது. எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் பிள்ளைகளுக்காக 1980 இல் ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. தவறாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பவும், வேறு நாட்டில் உள்ள பிள்ளையைப் பெற்றோர் சென்று பார்க்கவும் அது வழி செய்கிறது. இலங்கையும் 2001 இல் அதில் இணைந்து தனிச்சட்டம் இயற்றிக்கொண்டது. ரானொக் மலைகளை நோக்கி வழியற்று நின்ற தாயின் நிலை வேறு எவருக்கும் வரக்கூடாது என்பதே இவற்றின் நோக்கம்.

லண்டனில் பிரபுக்கள் சபை மண்டபத்தில் நீதியைப் பெண்ணாக உருவகித்து வரையப்பட்ட சுவரோவியம் ஒன்று இருக்கிறது. டானியல் மக்லைஸ் என்ற ஓவியர் அதை வரைவதற்கு முன்மாதிரியாக நின்றவர் கரோலின் நோர்ட்டன். அவருடைய கோரிக்கையை ஒருமுறை தோற்கடித்த அதே சபையில், நீதியின் முகமாக அவர் இன்றும் நிற்கிறார்.

இந்த வரலாற்றை எழுதத் தூண்டியது நூலக அலுமாரி மட்டுமல்ல. என் தோழி ஒருத்தியின் தம்பி வேறோர் ஊரில் அவனுடைய வாப்பாவோடு இருக்கிறான். பெருநாளைக்கு வருவான் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். அவளுடைய உம்மா வட்டிலப்பத்தில் ஒரு கிண்ணம் எடுத்து ஒதுக்கி வைப்பார். சில வருடம் அவன் வருவான். சில வருடம் அந்தக் கிண்ணம் மறுநாளும் அப்படியே இருக்கும். வேறு சில வீடுகளில் இப்படிக் காத்திருப்பவர் வாப்பாவாக இருக்கிறார். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் இரண்டு பெரியவர்களின் கோபத்துக்கு நடுவில் நிற்பது ஒரு சின்னப் பிள்ளை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கணவன் மனைவி பிரியலாம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. உம்மாவும் வாப்பாவும் பிள்ளையிடமிருந்து பிரிய வேண்டியதில்லை. ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பெருநாள் - இவற்றைத் தடுத்து வைத்து வெல்லக்கூடியது எதுவும் இல்லை என்பதைத்தான் ஜோர்ஜ் நோர்ட்டனின் கதையும் சொல்கிறது. சட்டம் முழுவதும் அவர் பக்கம் நின்றது. ஆயினும் இறுதியில் அவரிடம் எஞ்சியது, தாயின் கை படாமல் இறந்துபோன ஒரு பிள்ளையின் கப்று.

மாடியில் கேட்கும் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் தாயோ தந்தையோ இனி எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது. அதற்குச் சட்டம் மட்டும் போதாது. மேலே இருப்பவர் இறங்கி வந்து கதவைத் திறக்கவும் வேண்டும்.